சைக்கிளுக்குப் பின்னால் வரும் ஜீப்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவின் கிராண்ட் வியூ பாயிண்ட் வரை தார்ச்சாலை உண்டு. காரை நிறுத்திவிட்டுச் சில அடி நடந்தால் போதும், மொத்தப் பள்ளத்தாக்கும் கண்ணெதிரே விரியும். ஏறத்தாழ 1,200 அடி கீழே வெண்பாறைத் திட்டு ஒன்றும், அதன்மேல் நூல் கிடப்பதுபோல ஒரு மண்சாலையும் தெரியும். அதுதான் ஒயிட் ரிம் சாலை. முழுதாகச் சுற்றிவர ஏறக்குறைய 160 கிலோமீட்டர். மலைச் சைக்கிள்காரர்களுக்கு அது ஒரு பெருங்கனவு.

அந்தக் கனவில் நியாயம் இருக்கிறது. மேலிருந்து பார்ப்பவருக்குப் பள்ளத்தாக்கு ஒரு படம்தான். சைக்கிளில் போகிறவருக்கோ அதைத் தொட்டறியும் வாய்ப்பு. ஷேஃபர் இறக்கத்தின் கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விரல்கள் மரத்துப்போகும். தகரக் கூரைபோல வரிவரியாக நெளிந்த மண்ணில் தோள்பட்டை அதிரும். பிறகு சமதளம். வெள்ளைப் பாறை விளிம்பருகே இறங்கி நின்றால், காலடியில் தரை சட்டென்று முடிந்துவிடும். தடுப்புக் கம்பி கிடையாது. இஞ்சின் சத்தமும் இல்லாததால் காற்று பாறையில் உரசுவதுகூடக் கேட்கும். இந்த நிலத்துக்குச் சைக்கிளின் வேகமே பொருத்தம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் சைக்கிள் இயற்கைக்குத் தீங்கே செய்யாது என்ற பேச்சை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. அந்தச் சாலை நெடுகக் குடிநீர் கிடையாது. ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டராவது வேண்டும். மூன்று நான்கு நாள் பயணத்துக்கான தண்ணீரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மர்ஃபி ஹாக்பேக் ஏற்றத்தை மிதித்து ஏறுவது எளிதல்ல. அதனால் பெரும்பாலான குழுக்களுக்குப் பின்னால் ஒரு ஜீப் வருகிறது. தண்ணீர், கூடாரம், ஐஸ் பெட்டி, நாற்காலி எல்லாம் அதில். முன்னால் போகிறவர் புகையில்லாமல் போகிறார், பின்னால் வரும் வண்டி அவருக்காகப் புகை விடுகிறது. தண்ணீருக்காக வண்டி வருவது தவிர்க்க முடியாதது. நாற்காலிக்காக வருவதைத்தான் நான் குறை சொல்கிறேன்.

எதையும் நம்பாமல் தன் தண்ணீரைத் தானே சுமந்து, ஒரே நாளில் சுற்றி முடிப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த உடல் வலிமையை மதிக்கிறேன். ஆனால் கடிகாரத்தோடு பந்தயம் ஓடுகிறவருக்கு விளிம்பில் நின்று பார்க்க ஏது நேரம்?

இதைவிடப் பெரிய கவலை மண். சாலையோரத்தில் கறுப்பாக, பொருக்குப் பொருக்காக எழுந்து நிற்கும் மண்ணைப் பார்த்தால் காய்ந்த சேறு என்றுதான் தோன்றும். அது உயிருள்ள படலம். நீலப்பச்சைப் பாக்டீரியா இழைகள் மணல் துகள்களைப் பின்னிப் பிடித்திருக்கின்றன. கூடவே லைக்கனும் பாசியும். காற்றிலும் மழையிலும் மண் அடித்துப்போகாமல் காப்பது இதுதான். ஒரு டயர் ஏறினால் நொறுங்கிவிடும், பழைய நிலைக்குத் திரும்பப் பல பத்தாண்டுகள் ஆகலாம். சாலையை விட்டுச் சைக்கிள் இறங்கக் கூடாது என்று பூங்காவின் விதியே சொல்கிறது. எதிரே வண்டி வரும்போதும், நண்பரோடு பேசியபடி இணையாக மிதிக்கும்போதும்தான் அந்த விதி மீறப்படுகிறது. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஆனால் பாதிப்பு ஒன்றுதான்.

இந்தச் சாலையே காயத்தில் பிறந்தது. 1950களில் யுரேனியம் தேடுவதற்காக அணுசக்தி ஆணையம் போட்ட வழி இது. எதிர்பார்த்த அளவு தாது கிடைக்கவில்லை, சாலை மட்டும் மிஞ்சியது. 1964இல் பூங்கா உருவானது. போட்ட சாலையைப் பயன்படுத்துவதில் தவறில்லை, அதை அகலமாக்காமல் இருந்தால். பகல் பயணத்துக்கு நாளொன்றுக்கு 50 சைக்கிள், 50 மோட்டார் வண்டி என்று பூங்கா வரம்பு வைத்திருப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் இரண்டுக்கும் ஒரே எண் என்பது சரியல்ல. வண்டிகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்பதே என் கருத்து.

அங்கே போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பல குழுக்கள் சேர்ந்து தண்ணீருக்கு ஒரே வண்டியை வைத்துக்கொள்ளுங்கள். எதிரே வண்டி வந்தால் சாலைக்குள்ளேயே ஓரமாக இறங்கி நின்று வழிவிடுங்கள். அந்தக் கறுப்பு மண்ணில் ஒரு காலைக்கூட ஊன்றாதீர்கள்.