சொற்பட்டியலில் இல்லாச் சொற்களும் தமிழ்ப் பேச்சுணரியும்: அளவீடு குறித்த ஒரு மதிப்பீடு

திறவுச்சொற்கள்: பேச்சுணரி, சொற்பட்டியல், துணைச்சொல் அலகு, பகுபதம், சொற்பிழை விகிதம்

முன்னுரை

பேச்சை எழுத்தாக்கும் பேச்சுணரிகளின் முந்தைய தலைமுறை, முன்னரே வரையறுக்கப்பட்ட சொற்பட்டியலை அடிப்படையாகக் கொண்டது. பட்டியலில் இல்லாத சொல்லைக் கேட்டால் அது அவ்விடத்தை வெறுமனே விடுவதில்லை. ஒலியால் நெருங்கிய வேறு சொல்லையோ சொற்களையோ இட்டு நிரப்பும். ஆங்கிலத்தில் இச்சிக்கல் பெரும்பாலும் இயற்பெயர்களையும் புதுச்சொற்களையும் சார்ந்தது. ஒட்டுநிலை மொழியாகிய தமிழிலோ, ‘வா’ என்னும் ஒரே வினையடி ‘வந்தவர்களுக்காகவும்’, ‘வராதவர்களிடமிருந்து’ என விரிந்துகொண்டே செல்லும். எத்துணைப் பெரிய பட்டியலும் இவ்வடிவங்கள் அனைத்தையும் அடக்காது.

துணைச்சொல் அலகுகள்

சொல்லைச் சிறு துண்டுகளாக்கிக் கையாள்வது இதற்குரிய தீர்வாக இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. 1994இல் பிலிப் கேஜ் தரவுச் சுருக்கத்திற்காக வெளியிட்ட பைட்டு இணைக் குறியாக்கத்தை, 2016இல் ரிக்கோ சென்ரிச் முதலானோர் எந்திர மொழிபெயர்ப்பிற்குத் தகவமைத்தனர். பின்னர் அது பேச்சுணரிகளிலும் இடம்பெற்றது. அடிக்கடி அடுத்தடுத்து வரும் குறிகளை இணைத்துச் செல்வதே இம்முறை. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என நன்னூல் கூறும் பகுபத உறுப்புகள் இலக்கணப் பணியால் அமைந்தவை. இத்துண்டுகளோ வருகை எண்ணிக்கையால் அமைந்தவை. ஒருங்குறியில் உயிர்மெய்யின் அடியெழுத்தும் துணைக்குறியும் தனித்தனிக் குறிகளாதலின், துணைக்குறியில் தொடங்கும் துண்டும் தோன்றக்கூடும். எச்சொல்லையும் எழுத இயலும் என்பது, எச்சொல்லையும் சரியாக எழுதும் என்பதாகாது. பட்டியலில் இல்லாமை என்னும் குறை நீங்கினும், பயிற்சித் தரவில் இல்லாமை என்னும் குறை எஞ்சுகிறது.

அளவீட்டின் குறை

இவ்வெச்சத்தை வழக்கமான அளவீடு காட்டுவதில்லை. மாற்றம், விடுபாடு, செருகல் ஆகியவற்றின் கூட்டுத்தொகையை மூலத்தின் சொல்லெண்ணிக்கையால் வகுப்பது சொற்பிழை விகிதம். விளக்கத்திற்காக அமைத்த இரு தொடர்களைக் காணலாம். ‘அவர் வந்துகொண்டிருந்தார்’ என்பதை ‘அவர் வந்து கொண்டிருந்தார்’ என எழுதினால் ஒரு மாற்றமும் ஒரு செருகலும் நேர்ந்து, இரு சொற்களுக்கு இரு பிழைகளாகின்றன. விகிதம் 100 விழுக்காடு. ‘அவர் ஏரலுக்குச் சென்றார்’ என்பதை ‘அவர் ஊருக்குச் சென்றார்’ என எழுதினால் மூன்று சொற்களுக்கு ஒரு பிழை; விகிதம் ஏறத்தாழ 33 விழுக்காடு. முன்னதில் இழந்தது ஏதுமில்லை. பின்னதில் ஊர்ப்பெயரே மறைந்தது. தொடரோ இலக்கணப் பிழையின்றி நிற்பதால், படிப்பவர் அவ்விழப்பை உணரவும் வழியில்லை. களப்பணியில் பதிவுசெய்த வாய்மொழி வழக்காறுகளை இக்கருவிகளால் எழுத்தாக்கும் ஆய்வாளருக்கு, இடப்பெயரும் வட்டாரச் சொல்லும் இவ்வாறு பொதுச்சொல்லாக மாறுவது தரவிழப்பேயாகும்.

முடிவுரை

தமிழ்ப் பேச்சுணரியை மதிப்பிடுவோர் சேர்த்தெழுதுதல், பிரித்தெழுதுதல் ஆகிய இரண்டையும் ஏற்கும் மூலப்படியை அமைத்தல் வேண்டும். எழுத்துப்பிழை விகிதத்தையும் உடன் தருதல் வேண்டும். பயிற்சித் தரவில் இடம்பெறாத சொற்களின் பிழையைத் தனியே கணக்கிடுதல் வேண்டும். இம்மூன்றும் இல்லாத நிலையில், குறைந்த சொற்பிழை விகிதம் ஒன்றையே கொண்டு ஒரு கருவி தமிழை அறிந்துள்ளது என முடிவுசெய்தல் பொருந்தாது.