நின்றாளா, நிறுத்தினார்களா?

வீரசோழன், திருச்சுழி ஆகிய ஊர்களின் பக்கம் பன்னிரண்டாவது முடித்த பெண் இருக்கும் வீட்டில் பெரியவர்கள் கேட்பது, "மேக்கொண்டு படிக்க வைக்கிறீகளா?" இளையவர்கள் சொல்லும் பதில், "கண்டினியூ பண்றா" அல்லது "டிஸ்கண்டினியூ பண்ணிட்டா."

இதைத் தமிழ்க்கொலை என்று தள்ள எனக்கு மனமில்லை. சொல் ஆங்கிலமானாலும் காலத்தையும் பாலையும் எதிர்மறையையும் சுமப்பது 'பண்ணு'தான்: பண்றா, பண்ணுவான், பண்ணலை. "மாத்திரையைக் கண்டினியூ பண்ணுங்க" என்று மருத்துவர் சொன்னால் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் விளங்குகிறது. வீரசோழன் என்ற ஊர்ப் பெயரை ஒத்த வீரசோழியம் என்ற இலக்கண நூல், வீரராசேந்திர சோழன் காலத்தில் புத்தமித்திரனார் இயற்றியது. வடமொழி இலக்கண முறையைத் தமிழுக்குப் பொருத்திய அந்த நூல், வடசொல்லும் தமிழும் கலந்த மணிப்பிரவாள நடையையும் பேசுகிறது. கலப்பு நமக்குப் புதிதல்ல.

குறை வேறிடத்தில் இருக்கிறது. 'படித்துவருகிறாள்' என்றால் கொஞ்ச காலமாக நடப்பது. 'படித்துக்கொண்டே இருக்கிறாள்' என்றால் ஓயாமல் நடப்பது. 'விட்ட படிப்பை மறுபடி எடுத்தாள்' என்றால் நடுவில் ஒரு முறிவு உண்டு. இடைவிடாமல் படித்தவளும், சில வருடம் வீட்டிலிருந்துவிட்டுத் தொலைநிலைக் கல்வியில் சேர்ந்தவளும் 'கண்டினியூ'வில் ஒன்றாகிவிடுகிறார்கள். பின்னவள் பட்ட பாடு சொல்லில் தங்குவதில்லை.

'டிஸ்கண்டினியூ' அதைவிட மோசம். 'நின்னுட்டா' என்றால் அவள் முடிவு; 'நிறுத்திட்டோம்' என்றால் வீட்டார் முடிவு. 'டிஸ்கண்டினியூ பண்ணிட்டா' என்றதும் முடிவெடுத்தவர்கள் மறைந்து, பழி பெண்ணின் மேல் விழுகிறது. வானம் பார்த்த பூமியில் மழை பொய்த்த வருடம், கல்லூரிக்குப் பேருந்து வசதி இல்லாமை, வந்து நின்ற வரன் என்று காரணங்கள் அவளுக்கு வெளியே இருக்கலாம். 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்கு உயர்கல்வி முடியும்வரை மாதம் 1000 ரூபாய் தருகிறது. அந்தப் பணம் வீட்டின் முடிவை மாற்றத்தான் வருகிறது. அவளுக்குப் படிப்பில் ஆசை இல்லை என்று நினைத்து யாரும் அதைக் கொடுக்கவில்லை.

மாத்திரைக்குக் 'கண்டினியூ' போதும். படிப்பை விட்ட பெண்ணின் வீட்டுக்கு வரும் ஆசிரியர் மட்டும், "நின்னாளா, நிறுத்தினீகளா?" என்று நம் பேச்சிலேயே கேட்கட்டும். "நிறுத்திட்டோம்" என்று பதில் வந்தால், பேச வேண்டியது யாரிடம் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.