செய்யுளா, செய்யுளின் உரையா?
உயர்நிலைப் பள்ளித் தமிழ் வகுப்பில் நாள்பாடமும் வீட்டுப்பாடமும்

0. முன்னுரை

பள்ளியில் இலக்கியம் கற்பித்தல் குறித்த விவாதங்கள் பெரும்பாலும் பாடத்திட்டத்தைச் சார்ந்தே அமைகின்றன. எந்நூலைச் சேர்ப்பது, எதனை விடுப்பது, சங்க இலக்கியத்திற்கு எத்துணை இடம், இக்காலக் கவிதைக்கு எத்துணை இடம் என்பனவே அவற்றில் எழுப்பப்படும் வினாக்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட செய்யுள் வகுப்பறைக்குள் வந்த பின்னர் அதற்கு நேர்வது யாது என்பது அரிதாகவே ஆராயப்படுகிறது. ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் தமிழ்ச் செய்யுளை நடத்தும் முறையையும் அதனைத் தொடரும் வீட்டுப்பாடத்தையும் மொழியியல் நோக்கில் மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நாள்பாடத்தின் அமைப்பு

செய்யுள் பாடம் நடத்துவதில் நிலைபெற்ற வரிசை ஒன்று உண்டு. ஆசிரியர் குறிப்பும் நூற்குறிப்பும் முதலில் வரும். பின்னர்ச் செய்யுளை ஒருமுறை படித்தல், சொற்களைப் பிரித்தல், அருஞ்சொற்பொருள் கூறல், பொருள் உரைத்தல், இலக்கணக் குறிப்பும் பகுபத உறுப்பிலக்கணமும் தருதல் என்பன தொடரும். பாடவேளையின் இறுதியில் குறுவினா, சிறுவினா, நெடுவினா ஆகியவற்றுள் சில வீட்டுப்பாடமாக அமையும்.

இவ்வரிசையின் உறுப்புகளில் பல பழைய உரைமரபிலிருந்து வந்தவை. பதம் பிரித்தல், சொற்பொருள் உரைத்தல், பொழிப்புத் திரட்டல், இலக்கணம் காட்டல் ஆகிய அனைத்தும் உரையாசிரியர்கள் கையாண்ட கருவிகளே. எனவே குறை இவ்வுறுப்புகளில் இல்லை. உரையாசிரியர்களிடம் இக்கருவிகள் ஒவ்வொன்றும் செய்யுளை விளக்கும் பணிக்கு உட்பட்டு நின்றன. வகுப்பறையிலோ ஒவ்வொன்றும் தனித்தனி மதிப்பெண்ணுக்கு உரியதாகப் பிரிந்துவிட்டது. ஒரு சொல் வினைத்தொகை என்று எழுதும் மாணவன், காலம் கரந்து நிற்கும் அத்தொகையால் அவ்வடியின் பொருள் எவ்வாறு அமைகிறது என்று கூறவேண்டியதில்லை. வெண்பாவை அலகிட்டு வாய்பாடு எழுதுபவனும் அதனை ஓசையுடன் ஒருமுறை படித்திருக்கவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை.

இப்பிரிவினையின் விளைவாகப் பொழிப்புரை செய்யுளின் இடத்தைப் பெற்றுவிடுகிறது. கரும்பலகையிலிருந்தோ துணைநூலிலிருந்தோ மாணவன் எழுதிக்கொள்ளும் உரைநடைச் சுருக்கமே பாடமாகிறது. செய்யுள் அச்சுருக்கத்திற்கு ஒரு முகப்பாக மட்டும் எஞ்சுகிறது. இதனைச் சோதித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. செய்யுளை மூடி வைத்துவிட்டு, அதன் பொழிப்புரையை மட்டும் கொண்டு ஒரு வினாவிற்கு முழு மதிப்பெண் பெறும் விடையை எழுத இயலுமாயின், அவ்வினா இலக்கிய வினா ஆகாது. நாள்தோறும் தரப்படும் வீட்டுப்பாட வினாக்களில் பெரும்பான்மை இச்சோதனையில் தேறுவது கடினம்.

2. ஓர் எடுத்துக்காட்டு

கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாடலை (192) எடுத்துக்கொள்ளலாம். இதன் முதலடியை அறியாத மாணவர் அரியர். பொருண்மொழிக்காஞ்சித் துறையில் அமைந்த இப்பாடல் 13 அடிகளை உடையது. இதனை ஒட்டி எழும் வினா, 'புலவரின் உலக ஒருமைப்பாட்டு நோக்கினை விளக்குக' என்பது போன்றே பெரும்பாலும் அமையும். இதற்கு விடையளிக்க முதலடியே போதுமானது. எஞ்சிய பன்னிரண்டு அடிகள் தேவைப்படுவதில்லை.

பாடலின் மொழியை நோக்கினால் நிலைமை வேறாகிறது. 'இலமே' என்னும் எதிர்மறைத் தன்மைப் பன்மை முற்று இதில் நான்கு முறை வருகிறது. முதல் இணையில், வாழ்வை இனிதென்று மகிழ்வதும் வெறுப்பால் இன்னாதென்று கூறுவதும் மறுக்கப்படுகின்றன. இரண்டாம் இணையில், பெரியோரை வியத்தலும் சிறியோரை இகழ்தலும் மறுக்கப்படுகின்றன. இவ்விரு இணைகளுக்கும் இடையே, பாறைகளில் மோதி ஒலிக்கும் பேராற்றின் நீர்வழிச் செல்லும் புணை உவமையாக நிற்கிறது. உயிர் முறைவழிச் செல்லும் என்னும் தெளிவு அவ்வுவமையால் பெறப்படுகிறது. அத்தெளிவையும் இறுதி இணையையும் 'ஆகலின்' என்னும் காரணச்சொல் பிணைக்கிறது. ஆகவே பெரியோரை வியவாமையும் சிறியோரை இகழாமையும் இப்பாடலில் வெறும் நல்லுணர்வாகக் கூறப்படவில்லை. ஒரு காட்சியிலிருந்து பெறப்பட்ட முடிபாகக் கூறப்படுகின்றன. இறுதியடியில் வரும் 'அதனினும்' என்னும் ஒப்பீட்டுச் சொல், வியத்தலைவிட இகழ்தலையே வலிமையாக விலக்குகிறது.

இங்கு எழும் வினாக்கள் பதினைந்து வயது மாணவரின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டவை அல்ல. 'ஆகலின்' என்னும் சொல் எதனை எதனோடு இணைக்கிறது? அச்சொல் இல்லையெனில் இழப்பு யாது? தீதும் நன்றும் பிறரால் வருவன அல்ல என்று கூறும் பாடல், உயிரை நீர்வழிப்படும் புணையாகவும் காட்டுகிறது. அங்ஙனமாயின் அவை தன்னால் வருவனவா, முறையால் வருவனவா? இவ்விறுதி வினாவிற்கு ஒரே விடை இல்லை. ஆயினும் எவ்விடை கூறுவோரும் பாடலின் அடிகளைக் காட்டியே கூறவேண்டும். பொழிப்புரை இங்குப் போதாது.

3. மனப்பாடம்

1993இல் யஷ்பால் குழு அளித்த அறிக்கையும், 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகமும் நெட்டுருப் போடும் கல்வியைக் குறைகூறின. அக்குறை நேரியதே. எனினும் இலக்கிய வகுப்பைப் பொறுத்தவரை இங்கு ஒரு வேறுபாடு கருதத்தக்கது. செய்யுளை மனப்பாடம் செய்வது வேறு. செய்யுள் பற்றிய விடையை மனப்பாடம் செய்வது வேறு. முன்னது செய்யுளின் சொற்களை, அவற்றின் வைப்புமுறையுடனும் ஓசையுடனும் மாணவனிடம் சேர்க்கிறது. இன்றைய வகுப்பில் செய்யுள் செய்யுளாகவே நிற்கும் இடம் ஏறத்தாழ அது ஒன்றே. பின்னது பிறர் எழுதிய உரைநடையை நினைவில் ஏற்றுகிறது. தேர்வு முடிந்ததும் அது மறைகிறது. மனப்பாடப் பகுதியைக் குறைத்து நெடுவினாக்களை அவ்வாறே விட்டுவைக்கும் சீர்திருத்தம், காக்கவேண்டியதை நீக்கி நீக்கவேண்டியதைக் காப்பதாக முடியும்.

4. மூன்று மொழிநடைகள்

இரட்டை வழக்கு பற்றி 1959இல் ஃபெர்குசன் எழுதிய கட்டுரைக்குப் பின்னர், தமிழின் பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. இலக்கிய வகுப்பிலோ மாணவன் மூன்று நடைகளை எதிர்கொள்கிறான்: வீட்டுப் பேச்சு, தேர்வு உரைநடை, செய்யுள் மொழி. வீட்டுப்பாடம் இவற்றுள் நடுவணதை மட்டுமே ஏற்கிறது. கன்னடம், மலையாளம், இந்தி முதலிய மொழிச்சூழல்களில் தமிழ் பயிலும் மாணவர்க்கு இவ்விடைவெளி மேலும் அகல்கிறது. குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கல்வி பெறும் மாணவரின் நிலையும் இத்தகையதே. அவர்கள் துணைநூல் விடையைப் படியெடுப்பது சோம்பலால் அன்று. தம் பேச்சிலிருந்து தேர்வு நடைக்குச் செல்லும் வழி அவர்களுக்குக் காட்டப்படவில்லை.

பேச்சு வழக்கை வகுப்பிற்குள் ஏற்பது இலக்கியத் தரத்தைத் தாழ்த்தும் என்னும் அச்சம் தேவையற்றது. மேற்கூறிய 'இலமே' என்பதைத் தன் பேச்சில் கூறுமாறு மாணவனைக் கேட்டால், 'நாம' என்பதா, 'நாங்க' என்பதா என்று அவன் தேர்ந்தெடுக்க நேரும். கேட்போரையும் உளப்படுத்திப் புலவர் பேசுகிறாரா, கேட்போரை விலக்கித் தம்மைப் போன்றோரை மட்டும் குறிக்கிறாரா என்பது அப்போது வினாவாகிறது. தன்மைப் பன்மை விகுதிகளை விளக்கிய பழைய இலக்கண உரையாசிரியர்கள் ஆராய்ந்த உளப்பாட்டு வேறுபாடே இது. மாணவனின் பேச்சே அவனை இலக்கணத்தின் வாயிலுக்கு அழைத்துச் செல்கிறது.

5. நன்னூல் காட்டும் அளவு

மாற்றுவழி வேற்று மரபிலிருந்து வரவேண்டும் என்பதில்லை. இலக்கண நூலாகிய நன்னூல், பாடம் கேட்கும் முறையைக் கூறுமிடத்து ஓர் அளவைத் தருகிறது. ஆசிரியர் கூறுவதை நன்கு கேட்டவனும் கால்பங்கு புலமையையே பெறுவான். உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு கால்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைப்பதால் நிறையும். பாடத்தைப் போற்றுதல், கேட்டதைச் சிந்தித்தல், வினாவுதல், வினாயவற்றிற்கு விடைகூறல் ஆகியவற்றையும் பவணந்தியார் மாணவனின் கடனாகவே வைக்கிறார். இன்றைய நாள்பாடம் அந்த முதற் கால்பங்கிலேயே தொடங்கி முடிகிறது. வீட்டுப்பாடமும் அதனையே மீண்டும் எழுதச் செய்கிறது.

ஆசிரியரின் சுமையும் இங்கு எண்ணத்தக்கது. 40 மாணவர் கொண்ட வகுப்பில் ஏடு ஒன்றிற்கு 3 நிமிடம் எனக் கொண்டாலும், ஒரு நாள் வீட்டுப்பாடத்தைத் திருத்த 2 மணி நேரம் வேண்டும். எனவே நீண்ட விடைகள் படிக்கப்படாமல் கையொப்பம் மட்டும் பெறுவது வியப்பன்று. நாளொன்றுக்குச் செய்யுளின் ஒரு சொல்லையோ தொடரையோ பற்றிய ஒரே வினாவும் இரண்டு மூன்று வரிகளில் விடையும் போதும். மறுநாள் பாடவேளையின் முதற் பத்து நிமிடத்தில் மாணவர் இருவர் இருவராக அமர்ந்து தம் விடைகளை ஒருவருக்கொருவர் கூறலாம். வேறுபட்ட விடைகள் மட்டும் ஆசிரியரிடம் வரலாம். திருத்தும் சுமை குறைவதோடு, நன்னூலார் கூறிய எஞ்சிய பங்குகளுக்கும் இடம் கிடைக்கும்.

6. முடிவுரை

2018 முதல் படிப்படியாக வெளிவந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'கற்பவை கற்றபின்' என்னும் தலைப்பில் செயல்பாடுகள் தரப்பட்டிருப்பது வரவேற்கத்தக்கது. ஆயினும் தேர்வில் மதிப்பெண் பெறாத பகுதி நாள்பாடத்தில் பின்தள்ளப்படுவது இயல்பு. எனவே மாற்றம் வினாத்தாளிலிருந்தும் தொடங்கவேண்டும். பாடலை வினாத்தாளிலேயே அச்சிட்டு, அதனை நோக்காமல் விடையளிக்க இயலாத வினா ஒன்றையேனும் கேட்பது முதற்படியாகும். பத்தாண்டுகள் தமிழ் பயின்ற ஒருவர், பொருள் எழுதித் தரப்படாத ஒரு பாடலைத் தாமே படித்துப் பொருள்காண அஞ்சுவாராயின், அவர் கற்றது இலக்கியம் அன்று. இலக்கியத்தைப் பற்றிப் பிறர் கூறியதே ஆகும்.