மின்னூல் வெளியீட்டில் ஒருவாயிலும் பல்வாயிலும்: ஒரு மதிப்பீடு

முன்னுரை

நூல் எழுதி முடிக்கப்பெறுதல் ஒன்று. அது கற்பார் கையிற் சென்று சேர்தல் மற்றொன்று. முன்னதனை விரிவாக ஆராயும் திறனாய்வாளர் பின்னதனை வணிகர்க்குரிய செய்தி என்று ஒதுக்கிவிடுதல் பெருவழக்காக உள்ளது. ஆயின், ஏட்டுச்சுவடியை எழுதுவித்தார் யார், காத்தார் யார் என்பதனை ஆராயாமல் பழைய நூல்களின் வரலாற்றை நாம் எழுத இயலாது. வார இதழ்களின் வரலாற்றை அறியாமல் இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் நாவலின் வடிவத்தை விளக்குதலும் இயலாது. மின்னூலுக்கும் இது பொருந்தும். ஒரு மின்னூல் எவ்வழியாக வெளிவருகின்றது என்னும் வினா அந்நூலின் வடிவத்தையும் வாழ்நாளையும் தொடும் வினாவாகும்.

2016-ஆம் ஆண்டின் இறுதியில் அமேசான் நிறுவனம் தன் கிண்டில் நூற்கடையில் தமிழ் முதலிய ஐந்து இந்திய மொழிகளின் நூல்களுக்கு இடம் வகுத்தது. அதன் பின்னர்ப் பதிப்பகத்தாரை நாடாது தாமே தம் நூலை வெளியிடும் தமிழ் ஆசிரியர் பலர் தோன்றினர். அவர் ஒவ்வொருவரும் ஒரு வினாவிற்கு விடை கண்டாக வேண்டும். மின்னூலை அந்த ஒரு கடைக்கே உரியதாக்குவதா, பல கடைகளிலும் தளங்களிலும் பரவ விடுவதா என்பதே அவ்வினா. முன்னதனை ஒருவாயில் வெளியீடு என்றும், பின்னதனைப் பல்வாயில் வெளியீடு என்றும் இக்கட்டுரையிற் குறிப்போம். இரண்டனுள் யாது சிறந்தது என்று பொதுவாகக் கூறுதல் பொருந்தாது. ஒரு நூல் எவ்வாறு படிக்கப்பெறுகின்றதோ, அதுவே வாயிலைத் தெரிதற்கு உரிய அளவுகோல் என்பதனை நிறுவுதலே நம் நோக்கம்.

ஒருவாயிலின் விதிகள்

ஒருவாயில் வெளியீட்டிற்கு அமேசான் வகுத்துள்ள திட்டம் கே.டி.பி. செலக்ட் எனப்படும். இது 2011-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. இதில் ஒரு நூலைச் சேர்க்கும் ஆசிரியர் 90 நாள் அதற்குக் கட்டுப்படுகின்றார். அந்நாட்களில் அந்நூலின் மின்வடிவத்தைப் பிற கடைகளிலோ தம் சொந்தத் தளத்திலோ விற்றலும் ஆகாது. இலவசமாகத் தருதலும் ஆகாது. ஆசிரியர் வேண்டாம் என்று குறித்தாலன்றி, காலம் முடிந்ததும் கட்டு மீண்டும் 90 நாளுக்குத் தானே நீளும்.

இங்கு இரண்டு செய்திகளைத் தெளிவாக உணர்தல் வேண்டும். முதலாவது, ஆசிரியர் தம் பதிப்புரிமையை விட்டுக்கொடுப்பதில்லை. கைப்படியை ஒருமுறை விலைக்கு விற்றுவிட்டுப் பின்னர்த் தம் நூலின்மேல் எவ்வுரிமையும் இன்றி நின்ற பழைய எழுத்தாளரின் நிலை வேறு, இது வேறு. பாரதியார் பாடல்களின் உரிமை பலர் கைமாறி, 1949-ஆம் ஆண்டில் அரசு தலையிட்டுத் தன்வயப்படுத்தும் நிலை நேர்ந்ததனை நாம் அறிவோம். ஒருவாயிற் கட்டு அத்தகையது அன்று. மூன்று திங்களில் அவிழ்க்கத்தக்கது. இரண்டாவது, கட்டு மின்வடிவத்திற்கே உரியது. அதே நூலை அச்சிட்டு எங்கும் விற்கலாம், நூலகத்திற்கும் அளிக்கலாம். இவ்விரண்டாம் செய்தியை ஆசிரியர் பலர் பயன்கொள்வதில்லை.

கட்டுப்படுவார்க்குக் கிடைக்கும் பயன்கள் மூன்று. மாதக் கட்டணம் செலுத்திப் படிப்போர்க்குரிய கிண்டில் அன்லிமிடெட் என்னும் திட்டத்தில் நூல் சேர்கின்றது. இந்தியாவில் இத்திட்டம் 2015-ஆம் ஆண்டு வந்தது. 90 நாளில் 5 நாள் வரை நூலை விலையின்றி வழங்கி விளம்பரம் தேடலாம். மூன்றாவதே இந்திய ஆசிரியர்க்கு முதன்மையானது. இந்தியாவில் விற்கும் மின்னூலுக்கு விலையில் 70 விழுக்காடு ஆசிரியர்க்குக் கிடைக்க வேண்டுமாயின் நூல் ஒருவாயில் திட்டத்தில் இருத்தல் வேண்டும். இன்றேல் 35 விழுக்காடே கிடைக்கும். அமெரிக்கா, இங்கிலாந்து முதலிய நாடுகளின் விற்பனைக்கு இந்நிபந்தனை இல்லை. ஆகவே, அந்நாட்டு ஆசிரியர் பல்வாயிலைப் புகழ்ந்து கூறும் கணக்கினை அவ்வாறே இங்குக் கொண்டுவந்து பொருத்துதல் பிழையாகும்.

ஆசிரியரின் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். 100 ரூபாய் விலையுள்ள நாவல் அமேசானில் 100 படி விற்பதாகக் கொள்வோம். வரியையும் கோப்பின் அளவிற்கேற்பக் கழிக்கப்பெறும் சிறு தொகையையும் இங்குக் கருதாது விடுவோம். ஒருவாயிலில் ஆசிரியர் பெறுவது 7,000 ரூபாய். பல்வாயிலில் 3,500 ரூபாய். குறைந்த 3,500 ரூபாயை, 70 விழுக்காடு தரும் வேறொரு கடையில் ஈட்ட வேண்டுமாயின், அங்கு 50 படி விற்றல் வேண்டும். அதாவது, இங்கு இரண்டு விற்றால் அங்கு ஒன்றேனும் விற்றாக வேண்டும். பக்கக் கணக்கில் வரும் தொகையை இழத்தல் இதனின் வேறு. பிற கடைகளில் நூலேற்றுதல், விலை திருத்துதல், பிழை களைதல் ஆகிய உழைப்பும் ஆசிரியர்க்கே உரியது.

எழுத்தால் வாழ முயலும் ஒருவர் இக்கணக்கினை நோக்கி ஒருவாயிலைத் தெரிவாராயின் அவரைப் பேராசைக்காரர் என்றோ இலக்கியத்திற்குப் பகைவர் என்றோ கூறுதல் அறமாகாது. பரவல் என்னும் பெயரால் எழுத்தாளரைப் பட்டினியிடுதல் தமிழ்த்தொண்டு ஆகாது. பல தளங்களில் இடப்பெற்ற நூல் பலராற் படிக்கப்பெறும் என்பதும் உறுதியன்று. யாரும் திறவாது கிடக்கும் இலவச நூல்களும் பல உள.

ஊதிய முறையும் இலக்கிய வடிவும்

இனித் திறனாய்வாளர்க்குரிய பகுதிக்கு வருவோம். கட்டணத் திட்டம் ஆசிரியர்க்கு ஊதியம் வழங்கும் முறை ஒருமுறை அடியோடு மாறியுள்ளது. 2014-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கியபொழுது, வாசகர் நூலில் பத்தில் ஒரு பகுதியைக் கடந்தால் ஆசிரியர்க்கு ஒரு தொகை கிடைத்தது. நூல் 20 பக்கமாயினும் 600 பக்கமாயினும் தொகை ஒன்றே. ஆகவே குறுநூல்கள் பெருகின; ஒரு கதையைப் பல துண்டுகளாக வெட்டி வெளியிடுதலும் நிகழ்ந்தது. 2015-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் படிக்கப்பெற்ற பக்கங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஊதியம் என்று முறை மாறிற்று. உடனே நீண்ட நூல்களும் தொகுப்புகளும் ஊக்கம் பெற்றன. சிலர் பக்கங்களைச் செயற்கையாகப் பெருக்கவே, ஒரு நூலுக்கு ஒரு வாசகர் கணக்கில் 3,000 பக்கமே எல்லை என்று வரையறுக்க வேண்டியதாயிற்று.

வெளியீட்டு முறை வடிவத்தை ஆள்வது தமிழுக்குப் புதிதன்று. கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வெளிவந்தது. ஒவ்வோர் இயலின் இறுதியிலும் வாசகரை அடுத்த வாரத்திற்குக் காத்திருக்கச் செய்யும் முடிச்சு அமைவதற்கு இதழின் கிழமைக் கணக்கே காரணம். நூலாகத் தொடர்ந்து படிப்பார்க்கு அம்முடிச்சுகள் சிலவிடத்து மிகையாகத் தோன்றலாம். ஆயினும் அவ்வடிவத்தின் உயிர் அதுவே. பக்கக் கணக்கும் இத்தகைய ஓர் ஆட்சியையே செலுத்துகின்றது. வாசகர் நூலை இடையில் மூடிவிடாதிருத்தலே அதன் முதற் கட்டளை.

இம்முறையில் மற்றொரு நுண்மை உள்ளது. ஒரு வாசகர் ஒரு பக்கத்தை முதன்முறை படிப்பதற்கே ஊதியம் உண்டு. மீண்டும் மீண்டும் படிப்பதற்கு இல்லை. ஒருமுறை படித்ததும் கதை தெரிந்துவிட்டது என்று வைத்துவிடும் நூலுக்கும், வாழ்நாள் முழுதும் எடுத்தெடுத்துப் பயிலும் நூலுக்கும் கணக்கில் வேறுபாடு இல்லை. பயிலுந்தோறும் புதுப்பொருள் தருவதே சிறந்த இலக்கியம் என்று தமிழ் மரபு கொண்டுள்ளது. அந்நயம் பக்கக் கணக்கில் ஒரு காசும் பெறாது. நான்கடிக் கவிதையை நாற்பது முறை படித்தவர் கணக்கில் ஒரு பக்கம் படித்தவரே ஆவர். அகராதி, உரைநூல், சொல்லடைவு, இலக்கண விளக்கம் முதலியன தொடக்கம் முதல் இறுதி வரை படிக்கப்பெறுவன அல்ல. வேண்டும் இடம் திருப்பிப் பார்க்கப்பெறுவன. இவற்றிற்குப் பக்கக் கணக்கால் விளையும் பயன் மிகச் சிறிது.

எனவே, ஒருவாயிலின் பெருநயம் ஒருமுறை, தொடர்ந்து, விரைந்து படிக்கப்பெறும் நூல்களையே சார்ந்து நிற்கின்றது என்பது தெளிவு. இந்நிறுவனம் நடத்திய பென் டு பப்ளிஷ் என்னும் போட்டி 2018-ஆம் ஆண்டு தமிழையும் ஏற்றபொழுது, நூல்கள் ஒருவாயில் திட்டத்தில் இருத்தல் வேண்டும் என்பதும் விதியாயிற்று. புதிய எழுத்தாளர் பலர் முதல் வாசகரைப் பெற இப்போட்டி உதவிற்று என்பதனை மறுத்தல் இயலாது. அதே வேளையில், அவர்தம் முதல் நூலே இவ்வடிவ ஆட்சிக்கு உட்பட்டுப் பிறந்தது என்பதனையும் ஆராய்ச்சி மாணவர் மறத்தலாகாது.

பாடமும் படியும்

ஒரு நூல் நிலைபெறுதற்குப் பல இடங்களிற் பல படிகள் இருத்தல் வேண்டும். உ. வே. சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியையும், 1892-ஆம் ஆண்டு சிலப்பதிகாரத்தையும், 1894-ஆம் ஆண்டு புறநானூற்றையும் பதிப்பித்தபொழுது பல ஊர்ச் சுவடிகளை ஒப்புநோக்கியே பாடம் கண்டார். சுவடி ஒரே வீட்டில் அடைந்து கிடந்து, அவ்வீட்டார் அதனைப் பிறர்க்குக் காட்டவும் மறுத்திருப்பின், அவ்வீட்டுக் கறையானே அந்நூலின் கடைசி வாசகனாக இருந்திருக்கும்.

மின்னூலுக்குக் கறையான் இல்லை. வேறு இடர் உண்டு. 2009-ஆம் ஆண்டு ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய இரு நாவல்களை, விற்றவர்க்கு உரிமை இல்லை என்னும் காரணத்தால், வாங்கியோரின் கருவிகளிலிருந்தே அமேசான் நீக்கியது. விலையைத் திருப்பித் தந்தது. பின்னர் வருத்தமும் தெரிவித்தது. ஆயினும், கடைக்காரர் எண்ணினால் வாசகரின் அலமாரியிலிருந்து நூல் மறையக்கூடும் என்பதனை உலகம் அன்று கண்டது. 2025-ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில், வாங்கிய நூலைக் கணிப்பொறியில் இறக்கிக் கம்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியும் நிறுத்தப்பெற்றது.

இதனினும் நுண்ணிய இடர் ஒன்று உண்டு. மின்னூலின் பாடத்தை ஆசிரியர் எப்பொழுதும் மாற்றலாம். முதற்பாடம் எது, திருந்திய பாடம் எது என்பதற்கு ஒரே கடை மட்டும் சான்றாயின், பழைய பாடம் சுவடின்றி ஒழியும். 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டம் சென்னைக் கன்னிமாரா நூலகம் முதலியவற்றிற்குப் படி அனுப்புதலைக் கடமையாக்குகின்றது. ஆயின் அது அச்சிட்ட நூலைக் கருதி இயற்றப்பெற்றது. மின்வடிவில் மட்டும் உள்ள நாவல் இக்காவலுக்கு உட்படுவதில்லை. முப்பது ஆண்டு கழித்து இக்கால நாவலை ஆராயப் புகும் மாணவர்க்கு எந்தப் பாடத்தை நாம் கையளிப்போம்?

பல்வாயில் இதற்குத் தக்க துணை செய்கின்றது. 1998-ஆம் ஆண்டு தொடங்கிய மதுரைத் திட்டம், ஈழத்து எழுத்துகளைக் காக்க 2005-ஆம் ஆண்டு தோன்றிய நூலகம், 2013-ஆம் ஆண்டு முதல் படைப்பாளர் இசைவுடன் நூல்களை வழங்கும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் ஆகியவை எவரும் படியெடுத்து வைத்துக்கொள்ளத்தக்க கோப்புகளைத் தருகின்றன. ஆயின், பல கடைகளில் பூட்டிட்ட கோப்பாக விற்றல் மட்டும் காவலாகாது. படி வாசகரிடத்தும் நூலகத்தினிடத்தும் தங்கும்பொழுதே பல்வாயில் தன் பெயர்க்குத் தகும்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. தொடர்ந்து ஒருமுறை படிக்கப்பெறும் நாவல், அதனால் வாழ்வு நடத்த விரும்பும் ஆசிரியர்க்கு, முதல் ஓராண்டு ஒருவாயிலில் இருத்தல் தகும். படிப்போர் தொகை குறைந்ததும் கட்டு நீளாதபடி குறித்து அதனைப் பல்வாயிலுக்குக் கொணர்தல் வேண்டும்.

கவிதையும் ஆராய்ச்சி நூலும் பதிப்பும் அகராதியும் தொடக்கத்திலேயே பல்வாயிலிற் பரவுதல் தகும். 60 ரூபாய் விலையுள்ள கவிதை நூல் 30 படி விற்குமாயின், பல்வாயிலால் ஆசிரியர் இழப்பது 630 ரூபாயே. அந்நூல் மாணவர் கைகளிலும் நூலகங்களிலும் தங்குதலின் மதிப்பு அதனினும் பெரிது. அரசு நல்கையாலோ பல்கலைக்கழக ஊதியத்தாலோ எழுதப்பெற்ற ஆராய்ச்சிக்கு ஒருவாயில் சிறிதும் பொருந்தாது.

எவ்வாயிலைத் தெரியினும் இரண்டு கடமைகள் உள. ஒவ்வொரு மின்னூலிலும் பதிப்பு எண்ணும் திருத்திய நாளும் குறிக்கப்பெறுதல் வேண்டும். கட்டு மின்வடிவத்திற்கே உரியது ஆதலின், சில படியேனும் அச்சிட்டுக் கன்னிமாரா, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் வைத்தல் வேண்டும். ஒருவாயிலின் ஊதியத்தை இழக்காமலே இதனைச் செய்யலாம். நம் துறைகளும் மின்னூல் நாவல்களை ஆய்வுப் பொருளாக ஏற்கும்பொழுது, எந்த நாளில் எந்தப் பாடம் படிக்கப்பெற்றது என்பதனை ஆய்வேட்டிற் குறிக்கும் வழக்கத்தை இன்றே தொடங்குதல் நன்று. ஆசிரியரின் வாழ்வுக்கு ஒருவாயில் சில காலம் துணையாகலாம். நூலின் வாழ்வுக்குப் பல படிகளே துணை.