வழித்துணை

சென்ற மாதம் ஒரு பிற்பகல், எங்கள் தெருக்கோடி வீட்டுப் பையன் ஒரு காகிதக் கட்டுடன் என்னைப் பார்க்க வந்தான். பையன் என்று சொல்கிறேனே தவிர, அவனுக்கு இருபத்தேழு வயதாகிறது, பெங்களூரில் உத்தியோகம். சென்ற வருஷம் கல்லூரிச் சிநேகிதர்கள் மூவரோடு, முதுகிலே பையைக் கட்டிக்கொண்டு, போலந்து, ஸ்லோவாக்கியா, செக் நாடு, ஹங்கேரி ஆகிய நான்கு தேசங்களையும் இருபத்தாறு நாட்களில் சுற்றிவிட்டு வந்திருக்கிறான். பாதி ரெயில், பாதி நடை. கூடவே ஒரு கூடாரம்; ஹோட்டல் வாசலை மிதிக்கவில்லையாம். அதை நூற்றெண்பது பக்கத்தில் எழுதியும் விட்டான். "மாமா, நீங்கள் ஒரு முன்னுரை தர வேண்டும்" என்றான்.

முன்னுரை கேட்டு வருகிறவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது என்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. ஆனால் இந்தப் பையனிடம் அந்த வித்தை பலிக்கவில்லை. அதற்குக் காரணம் நான் பிறந்த சீமையாகவும் இருக்கலாம். செட்டிநாட்டுக்குப் பிரயாணம் புதிதல்ல. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் சைகோனுக்கும் கப்பலேறிப் போனவர்களின் வீடுகள் எங்கள் தெருவிலே வரிசையாக நிற்கின்றன. தேக்குத் தூணும் சலவைக்கல்லும் வந்த வழியைச் சொல்லும். ஆனால் போனவர்கள் எழுதியது பெரும்பாலும் கணக்கும் கடிதமும்தான். பிரயாணத்தை எழுதியவர்கள் மிகச் சிலர். ஆகவே ஒருவன் எழுதி எடுத்துக்கொண்டு வந்தால் வாங்கி வைத்துக்கொள்ளத்தான் தோன்றுகிறது.

இரண்டு இரவுகளில் படித்து முடித்தேன். நடை மோசமில்லை. பிராகு நகரத்துச் சார்லஸ் பாலம் 1357-ல் கட்டத் தொடங்கியது, அதன்மேல் முப்பது சிலைகள் இருக்கின்றன என்று மூன்று பக்கம். புடாபெஸ்டில் டான்யூப் நதி புடாவையும் பெஸ்டையும் பிரித்து ஓடும் அழகு இரண்டு பக்கம். எல்லாம் சரியான தகவல். எல்லாம் வழிகாட்டிப் புத்தகத்திலும் இருக்கும் தகவல். ஆனால் வேறு ஒரு விஷயம் என்னை உறுத்தியது. முதல் அத்தியாயத்தில் 'நாங்கள்' புறப்பட்டார்கள். பத்தாவது பக்கம் தாண்டியதும் 'நாங்கள்' மறைந்து 'நான்' மட்டும் மிஞ்சியது. 'நான் மலையேறினேன்', 'நான் கூடாரம் அடித்தேன்', 'நான் நட்சத்திரங்களைப் பார்த்தேன்.' மற்ற மூவரும் எங்கே போனார்கள்? வார்சாவிலே ரெயில் தவறி நின்றுவிட்டார்களா?

'நான்' என்ற சொல்லின் மீது எனக்கு விரோதம் இல்லை. அதை எண்ணிப் பார்த்து ஒரு நூலுக்கு மதிப்பெண் போடுவதும் விமரிசனம் ஆகாது. இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம்.

ஒருவர் எங்கள் பக்கத்து மனிதர். காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் 1911-ல் பிறந்த ஏ. கே. செட்டியார். ரங்கூனில் 'தனவணிகன்' பத்திரிகையை நடத்தியவர். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்றவர். 1937-ல் அமெரிக்காவிலிருந்து அயர்லாந்துக்குக் கப்பலில் வரும்போது காந்தியடிகளைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அதற்காகக் கண்டம் கண்டமாக அலைந்து, 1940-ல் படத்தை வெளியிட்டார். 'உலகம் சுற்றும் தமிழன்' என்ற அவருடைய நூல் வந்ததும் அதே வருஷம்தான். பிறகு 1943 முதல் 1983-ல் மறையும் வரை 'குமரி மலர்' என்ற பத்திரிகை. இவ்வளவு சுற்றியவர் தம்மைப் பற்றிப் பேசுவது மிகக் கொஞ்சம். வழியிலே சந்தித்தவனைப் பேச விட்டு, தாம் ஓரமாக நின்றுகொள்வார். அந்த ஓரத்திலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் மட்டும் எப்போதாவது கேட்கும்.

இன்னொருவர் பாட்ரிக் லீ ஃபெர்மர் என்ற ஆங்கிலேயர். 1933 டிசம்பரில், பதினெட்டு வயதில், முதுகுப் பையோடு ஹாலந்துக் கடற்கரையிலிருந்து கான்ஸ்டாண்டிநோபிளை நோக்கி நடக்க ஆரம்பித்தார். முனிச் நகரிலே பையைத் திருட்டுக் கொடுத்தார். நாட்குறிப்பும் அதோடு போயிற்று. வைக்கோல் கொட்டகையிலும் படுத்தார், ஹங்கேரியப் பிரபுக்களின் மாளிகையிலும் படுத்தார். நடந்ததற்கு நாற்பத்து நான்கு வருஷங்களுக்குப் பிறகு, 1977-லேதான் முதல் பாகம் வெளிவந்தது, இரண்டாவது 1986-ல், மூன்றாவது அவர் இறந்த பின் 2013-ல். பக்கத்துக்குப் பக்கம் 'நான்'தான். ஆனால் அந்த 'நான்' யாரையும் மறைப்பதில்லை. ரொட்டி கொடுத்தவன், குதிரை கொடுத்தவன், நூல் நிலையத்தைத் திறந்துவிட்ட கிழவர் எல்லோரும் எழுந்து நடமாடுகிறார்கள். அவர் எழுத உட்காருவதற்குள் யுத்தமும் அதன் பின் வந்த ஆட்சிகளும் அந்த வீடுகளில் பலவற்றைத் துடைத்துவிட்டன. அந்த மனிதர்கள் உயிரோடு இருப்பது இன்று அவருடைய புத்தகத்திலேதான்.

ஒருவர் தம்மைச் சுருக்கிக்கொண்டார். மற்றவர் தம்மைப் பரப்பிக்கொண்டார். இருவர் நூலிலும் மற்ற மனிதர்களுக்கு இடம் இருக்கிறது. பிரயாண நூலை நான் சோதிப்பது இந்த ஒரு கேள்வியால்தான்: வழித்துணையாக வந்தவனுக்கும் வழியிலே சோறு போட்டவனுக்கும் இதில் என்ன இடம்?

இந்தக் கேள்வியை நான் சீமையிலிருந்து இறக்குமதி செய்யவில்லை. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படைகள். வழி தெரிந்து திரும்பியவன், வழி தெரியாமல் எதிரே வருபவனுக்குச் சொல்வதாக அமைந்தவை. அவற்றில் மலைபடுகடாம் கூத்தர்களுக்குச் சொல்லும் வழி. அந்தக் கூத்தர்கள் தனியாக வரவில்லை. சுற்றத்தோடு, வாத்தியங்களைப் பைகளில் இட்டுக் கட்டி, பலாக் குலைபோலத் தொங்கச் சுமந்துகொண்டு வருகிறார்கள். அவர்களுக்குக் கவிஞர் இயற்கை அழகை மட்டும் வருணிக்கவில்லை. பன்றிக்கு வைத்த பொறியிலே கால் வைத்துவிடாதே, தினைப்புனத்திலிருந்து கவண் கல் பறந்து வரும், மரத்தின் பின்னே ஒதுங்கிக்கொள், வழுக்குப் பாறையிலே கொடியைப் பிடித்துக்கொள், இன்ன ஊரிலே இன்னது சாப்பிடக் கிடைக்கும் என்று விரல் விட்டுச் சொல்கிறார். பின்னால் வருகிறவனுடைய காலையும் வயிற்றையும் நினைத்து எழுதிய எழுத்து அது. நாம் இன்று எழுதும் பிரயாணக் கட்டுரையில் எத்தனை பேருக்கு அந்த நினைவு இருக்கிறது?

மூன்றாம் நாள் பையன் வந்தபோது கேட்டேன்.

"தம்பி, நாற்பத்திரண்டாம் பக்கத்தில், 'பெஸ்கிட் மலையில் அன்று மழை, இரவு ஒரு மலை விடுதியில் தங்கினேன்' என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். அன்றைக்கு என்ன நடந்தது?"

தயங்கினான். பிறகு சொன்னான். மழையில் வழுக்கி, நால்வரில் ஒருவனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. அவனுடைய பையை இன்னொருவன் முன்பக்கம் மாட்டிக்கொள்ள, இவன் தோள் கொடுத்து நடத்திக்கொண்டு போனான். விடுதிக்குப் போய்ச் சேரும்போது நன்றாக இருட்டிவிட்டது. படுக்கை ஒன்றும் காலியில்லை. ஆனால் இருட்டிய பிறகு வந்தவனை வெளியே அனுப்பாமல் தரையிலாவது இடம் கொடுப்பது போலந்து மலை விடுதிகளின் வழக்கமாம். சாப்பாட்டுக் கூடத்துத் தரையிலே நான்கு பேரும் படுத்தார்கள். பாஷை தெரியாத ஒரு கிழவர் தம் பையிலிருந்து துணிக்கட்டை எடுத்துக் காலைச் சுற்றிக் கட்டினார்.

"இதை ஏன் எழுதவில்லை?"

"அதெல்லாம் பிரயாணக் கதையா மாமா? கால் பிசகினதுதானே!"

எங்கள் ஊர்ச் சத்திரத்துத் திண்ணையின் தர்மம் போலந்து மலைமீது இருக்கிறது என்பதை நேரில் கண்டவன், அதை விட்டுவிட்டுச் சார்லஸ் பாலத்துச் சிலைகளை எண்ணிக்கொண்டிருக்கிறான்! பிராகுப் பகுதியிலும் இதே குறைதான். அந்த ஊர் இளைஞர்கள் முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு சனி ஞாயிறுகளில் மூட்டை கட்டிக்கொண்டு ஸாஸாவா நதிக்கரைக் காடுகளுக்குப் போய், நெருப்பு மூட்டிச் சுற்றி உட்கார்ந்து பாடுவதை ஒரு வாழ்க்கை முறையாகவே வைத்துக்கொண்டார்கள். கலியாணமாகாத ஆணும் பெண்ணும் ஒரே முகாமில் தங்கக் கூடாது என்று 1931-ல் அதிகாரிகள் உத்தரவு போட்டும், பின்னால் வந்த கம்யூனிஸ்ட் ஆட்சி முறைத்துப் பார்த்தும், வழக்கம் ஒழியவில்லை. இந்த நால்வரையும் அப்படி ஒரு கூட்டம் தங்கள் நெருப்பருகே கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறது. கையெழுத்துப் பிரதியில் அதற்குக் கிடைத்த இடம் அரை வரி: 'யாரோ கிதார் வாசித்தார்கள்.'

இன்னும் துருவினேன். கால் பிசகியவனுக்கும் இவனுக்கும் புடாபெஸ்டில் பெரிய சண்டை. இரண்டு நாள் ஓய்வெடுக்கலாம் என்றான் அவன். திட்டத்தை மாற்ற முடியாது என்றான் இவன். பணக் கணக்கும் சேர்ந்துகொண்டது. திரும்பி வந்தது முதல் பேச்சு வார்த்தை இல்லை. "அதனால்தான் யாரையும் பற்றி எழுதவில்லை மாமா. ஒருவனை எழுதினால் எல்லாம் எழுத வேண்டியிருக்கும்."

இதைக் கேட்டதும் எனக்குக் கோபம் போய்விட்டது. ஏனென்றால் இதே குற்றத்தை நானும் செய்திருக்கிறேன்.

முப்பது வருஷங்களுக்கு முன் ஒரு தைப்பூசத்துக்கு, நகரத்தார் காவடிகளோடு நானும் பழநிக்கு நடந்தேன். நானூறு வருஷத்துக்கு மேற்பட்டதாகச் சொல்லப்படும் யாத்திரை அது. குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று நடந்து, மாட்டு வண்டியில் வேல் முன்னே செல்ல, குறித்த இடத்தில் இறங்கி, எல்லோரும் ஒன்றாகப் படுத்து ஒன்றாக எழுந்து போவார்கள். பக்கத்து வீட்டுக் கணக்கப்பிள்ளை ஒருவர் என்னோடு வந்தார். நத்தம் தாண்டுவதற்குள் என் உள்ளங்கால் கொப்பளித்துவிட்டது. என் மூட்டையைத் தம் மூட்டையோடு சேர்த்துக் கட்டித் திண்டுக்கல் வரை சுமந்தவர் அவர். வேப்பெண்ணெயைக் காய்ச்சித் தடவியவரும் அவர்தான். ஊர் திரும்பி ஒரு பத்திரிகையில் ஆறு வாரம் எழுதினேன். பனி, விடியல், தோப்பு, பக்தி, ஆத்ம சோதனை எல்லாம் இருந்தன. கணக்கப்பிள்ளை இல்லை. எழுத்தாளனின் கால் கொப்பளித்தது என்று எழுத வெட்கம். அதை மறைக்கப் போய் அவரையே மறைத்துவிட்டேன். அவர் ஆறு வாரமும் வாங்கிப் படித்தார். கடைசியில் ஒரு நாள் சொன்னார்: "நல்லா இருந்ததுண்ணே. நான் போகாத யாத்திரையைப் படிச்ச மாதிரி இருந்தது."

நான் எழுதியவற்றுக்கு வந்த விமரிசனங்களில் இதற்கு மேல் கூர்மையானது எதுவும் இல்லை. அவர் இன்று இல்லை. அந்தக் கட்டுரைத் தொடரை நான் எந்தத் தொகுதியிலும் சேர்க்கவில்லை.

சண்டையை எழுதுவது சங்கடமான காரியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுத முடியாதது அல்ல. மராத்தி எழுத்தாளரும் மானிட இயல் அறிஞருமான ஐராவதி கார்வே பண்டரிபுரத்துக்கு நடந்து போனதைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரை 1962-ல் ஆங்கிலத்திலும் வந்தது. உடன் நடந்த பெண்களை அவர் நேசிக்கிறார். ஒரே நாமத்தைச் சொல்லிக்கொண்டு நடக்கிறவர்கள் சாதிவாரியாகத் தனித்தனியே சமைத்துச் சாப்பிட்டதையும் மனம் நொந்து எழுதுகிறார். அந்த நோவை நீக்கிவிட்டால் கட்டுரையில் பக்தி மட்டும்தான் எஞ்சும். அதே 1962-ல் சதீஷ் குமார், ஈ. பி. மேனன் என்ற இரண்டு இளைஞர்கள் அணுகுண்டை எதிர்த்து டில்லியிலிருந்து நடக்கத் தொடங்கினார்கள். வினோபா சொன்னபடி கையிலே காசு இல்லை. மாஸ்கோ, பாரிஸ், லண்டன் வழியாக வாஷிங்டன் வரை போனார்கள். ஜார்ஜியாவில் தேயிலைத் தொழிற்சாலைப் பெண் ஒருத்தி, அணுகுண்டு வைத்திருந்த நான்கு நாட்டுத் தலைவர்களுக்கும் ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கச் சொல்லி நாலு தேயிலைப் பொட்டலம் கொடுத்தாள். குண்டைப் போடத் தோன்றினால் முதலில் ஒரு வாய் தேநீர் குடியுங்கள் என்பது அவள் கருத்து. அந்த நடையிலே இன்று பலர் நினைவில் நிற்பது மைல் கணக்கு அல்ல, அந்தப் பொட்டலங்கள்தான்.

இதையெல்லாம் பையனிடம் ஒரு பிரசங்கமாகச் செய்யவில்லை. கட்டைத் திருப்பிக் கொடுத்து, "நாற்பத்திரண்டாம் பக்கத்திலிருந்து மறுபடியும் எழுது. நாலு பேரும் நடக்கட்டும். சண்டையும் வரட்டும், உன் பக்கத்துத் தப்பையும் போடு. எழுதியதை முதலில் எனக்கு அனுப்பாதே, கால் பிசகியவனுக்கு அனுப்பு" என்றேன். முகம் சுருங்கித்தான் போனான்.

போன வாரம் டெலிபோன் செய்தான். புதிய அத்தியாயத்தை அனுப்பினானாம். பதில் உடனே வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தது. கோபமும் இல்லை, சமாதானமும் இல்லை. இரண்டு திருத்தங்கள் மட்டும். விடுதியிலே குடித்தது முட்டைக்கோஸ் சூப், பீட்ரூட் சூப் அல்ல. பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு அவன் நடந்தது இரண்டு மணி நேரம் இல்லை, மூன்று மணிக்கு மேல்.

"மாமா, திருத்திவிட்டேன். அடுத்த அத்தியாயத்தையும் அனுப்பச் சொல்கிறான்."

முன்னுரையை நேற்று எழுத ஆரம்பித்தேன்.