கூறைப்புடவையும் ஓர் ஏகாரமும்

அண்மையில் உறவுக்காரப் பெண் ஒருத்தி தன் கூறைப்புடவையை விரித்துக்காட்டி, "இது நானே டிசைன் பண்ணினது" என்றாள். உடல் நிறம், கரை நிறம், முந்தியில் இரட்டை அன்னம் எல்லாம் அவள் சொன்னபடி. சாதி, ஜாதகம், நகைக்கணக்கு எல்லாவற்றையும் பெரியவர்கள் பேசி முடித்தபிறகு அவளுக்கென்று மிஞ்சியிருந்த இடம் இந்த ஆறு கஜம்தான். எனவே அவள் சந்தோஷத்தைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை. ஆனால் 'நானே' என்பதிலுள்ள ஏகாரம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. இலக்கணத்தில் இதைப் பிரிநிலை ஏகாரம் என்போம். ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக்காட்டுவது. இங்கே யாரிடமிருந்து பிரிக்கிறது?

காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் உடலும் கரையும் தனித்தனி நாடாக்களால் நெய்யப்பட்டு, ஒவ்வொரு ஊடையிலும் ஒன்றோடொன்று கோர்க்கப்படுகின்றன. ஓடுவது மூன்று நாடா. நெய்பவர் ஒருத்தரால் ஆகாது. பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ள இன்னொரு ஆள் வேண்டும். பல தறிகளில் அந்த ஆள் வீட்டுப் பெண்ணாக, அல்லது பள்ளிக்கூடம் போகாத குழந்தையாக இருந்தது நாமறிந்த கதை. அந்த அன்னத்தைக் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரைபவர் ஒருவர், அதைப் பார்த்து ஜக்கார்டு அட்டையில் துளை அடிப்பவர் வேறொருவர். இத்தனை பேர் செய்வதும் 'வேலை'. காசு கொடுப்பவர் நிறத்தைச் சொன்னால் அது 'டிசைன்'. இந்தப் பெயரிடலில்தான் அதிகாரம் இருக்கிறது.

பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' (2008) படத்தை இங்கே திரும்ப வாசிக்கலாம். பட்டு நெய்கிற வேங்கடம், பிறந்த மகளைப் பட்டுப்புடவையில் கல்யாணம் பண்ணிக்கொடுப்பதாக வாக்குக் கொடுக்கிறான். கூலியில் அது நடக்காது. வேலையிடத்திலிருந்து பட்டிழையை வாயில் ஒளித்துக் கொண்டுவந்து வீட்டில் ரகசியமாக நெய்கிறான். நெசவாளர்களைத் திரட்டுகிறவனும் அவனே. வேலைநிறுத்தம் நீள, கல்யாணம் நெருங்க, நூல் வரத்து நிற்கிறது. வேலைக்குத் திரும்புகிறான், பிடிபடுகிறான்.

இதை வர்க்கத் துரோகம் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். நான் வேறுமாதிரி கேட்க விரும்புகிறேன். கூலி உயர்வை உரக்கக் கேட்க முடிந்த அவனால், 'நான் நெய்ததை என் மகள் கட்டணும்' என்பதை ஏன் தோழர்களிடம்கூடச் சொல்ல முடியவில்லை? அழகின்மேல் உழைப்பவனுக்கு உள்ள ஆசைக்கு நம் இயக்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் இடமிருந்ததா? இடமில்லாத ஆசை திருட்டாகத்தான் வெளிப்படும்.

அதற்காக வேங்கடத்தைப் புனிதனாக்கவும் வேண்டாம். வாக்கு தகப்பனுடையது, கட்டிக்கொள்ள வேண்டியவள் அப்போது கைக்குழந்தை. கடைசியில் அவன் அந்த அரைகுறைப் புடவையால் மகளின் பிணத்தை மூடுகிறான். முகத்தை மூடினால் கால் தெரிகிறது, காலை மூடினால் முகம் தெரிகிறது. அவள் விருப்பம் என்ன என்பதும் அந்தத் துணிக்குள் அடங்காமல் வெளியே நிற்கிறது.

1942 மார்ச்சில் இந்திரா தன் கல்யாணத்தில் உடுத்தியது நேரு சிறையில் நூற்ற நூலில் நெய்த கதர்ச் சேலை. ஒரு தகப்பன் சிறையில் நூற்ற நூல் தேசத்தின் கதையாயிற்று. நூலை எடுத்ததற்காக இன்னொரு தகப்பன் சிறைக்குப் போகிறான். முன்னது வரலாறு, பின்னது புனைவு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாதுதான். ஆனாலும் ஒன்றைக் கவனிக்கலாம்: அந்தக் கதர்ச் சேலையைப் பேசும்போதும் நூற்றவரைச் சொல்கிறோம், நெய்தவரைச் சொல்வதில்லை.

உறவுப்பெண்ணிடம் நான் கேட்க விட்டது ஒன்றுண்டு: "நெஞ்சது யாரும்மா?" கடை பேர் சொல்லியிருப்பாள். தப்பு அவளுடையதல்ல, கடைக்காரர் பில்லில் அந்தப் பேர் இருக்காது. 'நானே' என்பது 'நானும்' என்று ஆக ஓர் உம்மை போதும். ஆனால் அந்த உம்மை இலக்கணத்தில் வராது. தறியடியில் உட்கார்ந்திருப்பவருக்கு உரிய கூலியும், புடவையில் அவர் பேரும், அவர் வீட்டுப் பெண்ணும் நிறம் சொல்லி ஒன்று கட்டிக்கொள்கிற நாளும் வந்தால்தான் வரும்.