மறுக்கும் உரிமை யாருக்கு?

செங்கல்பட்டில் என் மாணவிகளோடு 2022-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டத்தை வாசித்தேன். ஏழாண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய வழக்கில் கைதானவர் ரத்த மாதிரி தர மறுக்கலாம்; பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றமென்றால் மறுக்க முடியாது. பதிவுகள் 75 ஆண்டுகள் காக்கப்படும்.

மாமல்லபுரம் பக்கத்து இருளர் மாணவி கேட்டாள்: "ஸ்டேஷன்ல நின்னுகிட்டு எங்கப்பா 'மாட்டேன்'னு சொல்ல முடியுமா மேடம்?"

அதே ஆண்டு டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. விசாரணையில் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களிடமும் டிஎன்ஏ சோதனைக்கு ரத்தம் கேட்டார்கள். சிலர் மறுத்தார்கள், விஷயம் நீதிமன்றம்வரை போனது. 2025 ஜனவரியில் வந்த குற்றப்பத்திரிகை அந்தச் சமூகத்தின் மூவரையே குற்றவாளிகளாகக் காட்டியது.

வல்லுறவு வழக்குகளில் டிஎன்ஏ பெண்களுக்குத் துணைநின்ற சான்று. அதனால்தான் சொல்கிறேன்: மறுக்க முடியாதவர்களிடம் எடுக்கும் ரத்தத்தை நம் பாதுகாப்பின் கணக்கில் எழுதாதீர்கள்.